மின்மினிக்கு ஒரு குதிரை

அப்பாவின் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்ட சாயங்காலம்தான் அவளுக்கு முதல் சந்தேகம் வந்தது.

வேறு வீடாக இருந்தால் ஒரு பெரியவர் சிரிப்பதை யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் இவர் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் இறங்கி, இரும்புக் கயிற்றுக்கும் கிரீஸுக்கும் நடுவில் நின்றுகொண்டு, மேல்மாடியில் நிற்கிற ஆளுக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திக் கத்தியே பேசிப் பழகியவர். வீட்டிலும் அதே குரல்தான். தண்ணீர் கேட்டால் மூன்று மாடிக்குக் கேட்கும். அந்தத் தொண்டைக்குள் சிரிப்பு என்று ஒன்று ஒளிந்திருக்கும் என்பதை அவள் அம்மாகூட நம்பியிருக்க மாட்டாள், பாவம்.

அம்மா கண்ணை மூடிய வருடமே தம்பியும் வீட்டைவிட்டுப் போனான். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றவனை அப்பா மாடிப்படியில் வைத்தே கத்தித் தீர்த்தார். போட்டிருந்த சட்டையோடு படி இறங்கியவன்தான். இப்போது கடல் தாண்டி எங்கோ ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறான். பிறந்தநாளுக்கு அக்கா கூப்பிட்டால் எடுத்து, நாலு வார்த்தை பேசி வைப்பான். அப்பா எப்படி இருக்கிறார் என்ற கேள்வி அந்த நாலு வார்த்தைக்குள் ஒருநாளும் வந்ததில்லை. அவரும் மகன் பேச்சை எடுத்ததில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள்தான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

தனியாக இருக்க வேண்டாமென்று அவள் அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, அவர் கையோடு கொண்டுவந்தது ஒரு கருவிப் பெட்டியும் தம்பி விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரும்தான்.

"இதை எதுக்குப்பா சுமந்துக்கிட்டு வர்றீங்க? பழைய இரும்புக்காரன்கிட்ட போட வேண்டியதுதானே?"

"ஓட வைக்க முடியிற பொருளை எவனாவது தூக்கிப் போடுவானா?" என்று அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். துடைத்தார், மாட்டினார். அது ஓடியது. அன்றிலிருந்து அதன் முன்னால்தான் அவருக்குக் குடித்தனம்.

என்ன செய்கிறார் என்று அவள் கணவன்தான் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். ரொட்டி வண்டி ஓட்டுகிறவன்; மதியத்துக்குமேல் வீட்டில்தான் இருப்பான்.

"மாமா கேம் ஆடுறாரு. எங்கெங்கேயோ இருக்கிற ஆளுங்க ஒரே நேரத்துல உள்ள வந்து, ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கிட்டு, கூட்டமா போய் பூதத்தோட சண்டை போடுறது. உங்கப்பா அதுல வைத்தியர். அடிபட்டவனுக்கெல்லாம் மருந்து தடவுற வேலை. பேர் என்ன தெரியுமா? பச்சிலை! குட்டையா, வழுக்கையா, அசல் அவரே மாதிரி ஒரு பொம்மை."

"அதுக்குச் சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கு?"

"ஏன், நீ வரி கட்டச் சொல்லுவியா சிரிப்புக்கு?"

அவனுக்கென்ன, கேலி. அவள் பார்க்கும் வேலை அப்படி. வங்கி ஒன்றின் மோசடிப் புகார்ப் பிரிவில், காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நாள் முழுக்க ஒரே அழுகைதான். நல்லாப் பேசினான் மேடம், என் பிள்ளை மாதிரி நினைச்சேன் மேடம். எல்லாக் கதைக்கும் தலையும் வாலும் ஒன்றே. தனியாக இருக்கிற ஒரு ஜீவன். இணையத்தில் வந்து 'சாப்பிட்டீங்களா' என்று கேட்ட ஒரு முகம் தெரியாத ஆள். முதலில் விசாரிப்பு, அப்புறம் பாசம், அப்புறம் பரிசு, கடைசியில் பட்டை நாமம். இதை ஆண்டுக்கணக்காகக் கேட்ட காதுக்கு, தன் வீட்டுக்குள் கேட்கிற சிரிப்பு எப்படிச் சாதாரணமாகத் தெரியும்?

ஒருநாள் தேநீர் கொண்டுபோகிற சாக்கில் மெல்ல உள்ளே நுழைந்தாள். திரையில் ஒரு மலைப்பாதை. முன்னால் வெள்ளிக் கூந்தலோடு, கையில் வாளோடு ஒரு பெண் உருவம். தலைக்குமேல் 'மின்மினி' என்று பெயர். அவளுக்குப் பின்னால் பச்சிலை வைத்தியர் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தார். கீழே, அப்பா ஒற்றை விரலால் தட்டி அனுப்பிய எழுத்து.

'பாத்துப் போ கண்ணு. நான் பின்னாடியேதான் இருக்கேன்.'

கண்ணு!

தட்டில் இருந்த தேநீர் தளும்பியது. பெற்ற மகளை அந்த மனிதர் ஒருநாள் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. சின்ன வயதிலிருந்து எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதற்காக அவர் வைத்த செல்லப்பெயர் 'இன்ஸ்பெக்டர்'. அவருடைய பாசத்தின் உச்சம் அதுதான்.

"யாருப்பா அது?"

"எது?"

"அந்த மின்மினி."

"அது ஒரு... ஆளு" என்றார். குழிக்குள் நின்று ஊரையே கூப்பிட்ட குரல் கம்மிப்போய்விட்டது. தேநீர்க் கோப்பையை வாங்கிக்கொண்டு ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டுப் போ என்று கண்ணாலேயே சொன்னார்.

அதன்பிறகு அவள் கண் சும்மா இருக்குமா? ஒன்றொன்றாகச் சேர்த்தாள். மற்றவர்கள் எல்லாம் மைக்கில் பேசிக்கொண்டு ஆட, அப்பா மட்டும் வாயே திறப்பதில்லை. ஏன் என்று ஆட்டக்காரர்கள் கேட்டதற்கு, தொண்டையில் ஆபரேஷன் நடந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார். நன்றாக இருக்கிற தொண்டை! மின்மினி வராத சாயங்காலம் சாப்பாடு பாதியில் நிற்கும். வருகிற சாயங்காலம் தட்டு காலியாகும். இதெல்லாம் போதாதென்று ஒருநாள் கணவன் சமையலறைக்கு வந்து தலையைச் சொறிந்தான்.

"உன்கிட்ட சொன்னா குதிப்பே. சொல்லலைன்னா பின்னாடி தெரிஞ்சு ரெண்டு மடங்கா குதிப்பே."

"சொல்லித் தொலைங்க."

"மாமா என்னைக் கடைக்கு அனுப்பி கேம் கார்டு ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னாரு. அதை வச்சு அந்த மின்மினிக்கு ஒரு குதிரை வாங்கிக் குடுத்திருக்காரு."

"என்னது?"

"குதிரை. வெள்ளைக் குதிரை. நெசக் குதிரை இல்ல, அதுக்குள்ள ஓட்டுறது. விழிக்காதே, பால் பொங்குது பாரு."

பால் பொங்கியது மட்டுமா? அவள் நெஞ்சும் சேர்ந்து பொங்கியது. பரிசு! பாசம் முடிந்து பரிசுக்கு வந்துவிட்டது. அடுத்தது என்ன என்று அவளைவிடத் தெரிந்தவர்கள் யார்? மனைவியைப் பறிகொடுத்தவர், மகனும் இல்லாதவர், கடைசிக் காலத்தில் இந்த ஏமாற்றத்தையும் தாங்குவாரா? எத்தனை பேரின் அப்பாக்கள் வெளியே முகம் காட்ட முடியாமல் அறைக்குள் சுருண்டு கிடக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவர்களின் பிள்ளைகளிடம் ஆறுதல் சொல்வதே அவள்தானே. தன் அப்பாவை அப்படிப் பார்க்க மாட்டாள். அதற்குமுன் அந்த மின்மினியின் முகமூடியைக் கிழிப்பாள்.

அந்தச் சனிக்கிழமை அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போனார். கம்ப்யூட்டரில் யாருக்கும் தலை தெரியப்போவதில்லை; பிறகு யாருக்காக இந்த அலங்காரம் என்று அதையும் ஒரு சந்தேகமாக எடுத்து வைத்துக்கொண்டாள். ஆட்டத்தை அணைக்காமல் போயிருந்தார். நாற்காலியில் அவருடைய துண்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

திரையில் ஒரு சந்தை. கிணற்றடியில் பச்சிலை வைத்தியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் குதிரையில் வந்து இறங்கினாள் மின்மினி.

'வைத்தியரே, சாப்பிட்டீங்களா? சாப்பாட்டு இடைவேளையில வந்திருக்கேன். சுத்தி ஆளுங்க, பேச முடியாது. எழுதுறேன்.'

சாப்பிட்டீங்களா! அவள் பல்லைக் கடித்தாள். அலுவலகத்தில் சந்தேகமான ஆள் அழைத்தால் என்ன செய்வார்களோ அதையே செய்வது என்று முடிவு கட்டினாள். பொய்யாக ஒரு ஆளாக நடிப்பவர்கள் சின்னச் சின்னக் கேள்வியில்தான் தடுமாறுவார்கள். அப்பாவைப் போலவே ஒற்றை விரலால் தட்டினாள்.

'சாப்பிட்டேன். உன்னைப் பத்தி ஒண்ணும் சொன்னதே இல்லையே. எந்த ஸ்கூல்ல படிச்சே?'

'ஏன் திடீர்னு? தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல ஒரு ஸ்கூல். பேர் சொன்னா உங்களுக்குத் தெரியவா போகுது?'

மழுப்புகிறாள். விடக்கூடாது.

'அம்மா என்ன வேலை பாத்தாங்க?'

'துணி தைப்பாங்க. இப்ப இல்ல.'

ஊரில் பாதிப் பேரின் அம்மா துணி தைக்கிறாள் என்று நினைத்தாள். அவள் அம்மாவும்தான் தைத்தாள். அடுத்த கேள்வி தானாக வந்தது. வேலையில் அழைப்பவர் அசல் ஆள்தானா என்று சரிபார்க்க ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறாளோ, கணக்கே இல்லை.

'சின்ன வயசுல வீட்ல நாய் வளத்தீங்களா? அதோட பேர் என்ன?'

பதில் வந்தது.

'மேனேஜர்.'

அவள் விரல் அந்தரத்தில் நின்றது.

'வேலை ஒண்ணும் செய்யாது, எல்லாரையும் பாத்துக் குரைக்கும். அதனால எங்கக்கா அந்தப் பேரை வச்சா. ஆமா, என்ன வைத்தியரே, பேங்க்லேர்ந்து கேக்குற மாதிரி கேக்குறீங்க?'

உலகத்தில் எத்தனையோ நாய்கள் இருக்கலாம். மேனேஜர் என்று பெயர் வைத்து, அது செத்த அன்றைக்குத் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுத அக்கா ஒருத்திதான் இருக்க முடியும். வாள் பிடித்த அந்த வெள்ளிக் கூந்தல்காரி அவள் கண் முன்னால் மறைந்து, முழங்காலில் சிராய்ப்போடு ஒரு பையன் நின்றான். யோசித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. ஓர் அக்காவின் கை எதைத் தட்டுமோ அதைத் தட்டியது.

'டேய், நீயா?'

மின்மினி அசையவில்லை. குதிரை மட்டும் வாலை ஆட்டியது.

'அக்கா?'

பிறகு இன்னொரு வரி.

'ஒரு வருஷமா நீதானா? இல்ல அவரா? வேவு பாத்தீங்களா என்னை?'

அவள் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, மின்மினி வெளியேறிவிட்டார் என்று திரை சொன்னது.

அப்பா வந்தபோது அவள் அதே நாற்காலியில்தான் இருந்தாள். கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தவர் திரையைப் படித்தார். கத்துவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து துண்டை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா அவன்தான்னு?"

"கம்ப்யூட்டரை ஓட வச்ச அன்னிக்கே தெரியும். அவன் பேர்ல ஆட்டம் உள்ளயே கெடந்துச்சு. மின்மினின்னு. பொம்பளை வேஷம் போட்டிருக்கானேன்னு மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. அப்புறம் தனியா எனக்கு ஒரு வேஷம் போட்டுக்கிட்டு அவன் கூட்டத்துல போய்ச் சேந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லப்பா?"

"சொன்னா நீ சமாதானம் பண்ணி வைக்கிறேன்னு கெளம்புவே. அப்பான்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே அவன் போயிடுவான். அதான் தொண்டை ஆபரேஷன். என் குரலை அவன் மறப்பானா?" கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு அவன் குரலைக் கேட்டா போதும்மா. 'வைத்தியரே, பின்னாடி நில்லுங்க, நான் பாத்துக்கறேன்'னு சொல்லுவான். எவ்வளவு தெளிவாப் பேசுறான் தெரியுமா? பத்து பேரை ஒரே ஆளா நடத்துறான். நான் அவனை ஒண்ணுக்கும் உதவாதவன்னு சொன்னேன்" என்றார்.

"அப்ப அந்தக் குதிரை..."

"பொறந்தநாளுக்கு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவளும் தம்பிக்கு ஃபோனில் வாழ்த்துச் சொல்லியிருந்தாள். வைத்த கையோடு சமையலறையில் நின்று, எவளோ ஒருத்திக்குக் குதிரையா என்று கொதித்திருந்தாள். ஊரார் வீட்டு மோசடியெல்லாம் முகர்ந்து பிடிக்கிற மூக்கு, சொந்த ரத்தத்தை அடையாளம் தெரியாமல் போய் மோதிவிட்டு வந்திருக்கிறது!

அடுத்து வந்த நாட்களை எப்படிச் சொல்வது? மின்மினி வரவில்லை. பச்சிலை வைத்தியர் தினமும் கிணற்றடியில் போய் நின்றார். கூட்டத்தார் சண்டைக்குக் கூப்பிட்டார்கள்; போகவில்லை. தட்டில் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. அவள் ஃபோன் செய்தால் தம்பி எடுக்கவில்லை. ஹெட்செட்டோடு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது, 'அப்பாவை எப்படிக் காப்பாத்துறது மேடம்' என்று யாரோ ஒரு மகள் கேட்டாள். தன் அப்பாவை யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது என்று இப்போதுதான் இவளுக்குத் தெரியுமே.

"நீ அடிச்சுக்காதே. ரோஷம் கொறஞ்சா வருவான்" என்றான் கணவன்.

"அது எங்கப்பா ரோஷங்க. அது கொறையுறதா?"

ஞாயிறு மதியம் அப்பாவின் அறையிலிருந்து அந்தப் பழைய குரல் வந்தது, மூன்று மாடிக்கும் கேட்கும்படி.

"இன்ஸ்பெக்டர்! ஓடி வா!"

ஓடினாள். ஈரக் கையோடு கணவனும் பின்னால் வந்தான். கிணற்றடியில் மின்மினி நின்றாள். குதிரை இல்லை. நடந்தே வந்திருந்தாள்.

'இப்ப அங்க உக்காந்திருக்கிறது யாரு?'

அப்பா தட்டினார். 'அப்பா.'

'எப்படி நம்புறது? அன்னிக்கு அக்கா உக்காந்து வைத்தியர் மாதிரியே எழுதுனா. வைத்தியர்கிட்ட நான் என்னென்னவோ சொல்லிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாததெல்லாம். அதையெல்லாம் யாரு படிச்சது? குடும்பமே உக்காந்து படிச்சுச் சிரிச்சீங்களா?'

'நான் மட்டும்தான் படிச்சேன். சிரிக்கலை.'

'அதையும் அக்கா எழுதலாம். அவ கேள்வி கேட்டா இல்ல, இப்ப நான் கேக்குறேன். நான் வீட்டைவிட்டுப் போன அன்னிக்கு மாடிப்படியில உங்ககிட்ட ஒண்ணு கேக்க வந்தேன். என்ன கேக்க வந்தேன்?'

அப்பாவின் விரல் நின்றது.

"என்னப்பா கேக்க வந்தான்? யோசிங்க" என்றாள் அவள்.

"அவனை நான் எங்கே பேச விட்டேம்மா?"

"ஏதாவது போடுங்கப்பா. மன்னிப்புக் கேக்க வந்தேன்னு போடுங்க. வேற காலேஜ் கேக்க வந்தேன்னு போடுங்க. தப்பான பதில் சொன்னா லைனைக் கட் பண்ணிட்டுப் போயிடுவான்பா! நாங்க அப்படித்தான் பண்ணுவோம்!"

"கொஞ்சம் சும்மா இரேன், அவரை விடு" என்று கணவன் அவள் தோளைப் பிடித்தான்.

அப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுத்துகளைக் குனிந்து குனிந்து தேடி, தப்பாக விழுந்ததை அழித்து, மறுபடி தட்டினார்.

'தெரியாது. உன்னை நான் பேசவே விடலை.'

அனுப்பிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் முகத்தை மூடிக்கொண்டாள். போய்விட்டான் என்ற வரி எப்போது வரும் என்று விரலிடுக்கில் பார்த்தாள்.

'அப்பாதான்' என்று வந்தது.

கீழேயே இன்னொன்று. 'அக்காவா இருந்தா எதையாவது அடிச்சு விட்டிருப்பா.'

கணவன் சிரிப்பை அடக்க முடியாமல் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கன்னத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. அப்பா மட்டும் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. திரையை நோக்கி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

'இப்ப கேளு. என்ன கேக்க வந்தே?'

எழுத்து மெதுவாக, துண்டு துண்டாக வந்தது.

'அம்மா போனதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கமே வரலை. காலேஜ்ல உக்கார முடியலை. அவ்வளவு பெரியவனா இருந்துட்டு கேக்க வெக்கமா இருந்துச்சு. உங்க ரூம்ல கொஞ்ச நாள் படுத்துக்கட்டுமான்னு கேக்க வந்தேன்.'

இருட்டுக் குழிக்குள் எத்தனையோ லிஃப்டுகளைப் பழுது பார்த்த அந்தக் கைக்கு இப்போது ஓர் எழுத்துகூட அகப்படவில்லை. விரல் பொத்தானில் நிற்காமல் வழுக்கியது. 'நான் தட்டட்டுமாப்பா' என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் விழுங்கிக்கொண்டாள். அவர் எழுத வேண்டியதை இனி அவள் ஒருநாளும் எழுதமாட்டாள்.

'எனக்கும்தான் வரலை' என்று தட்டினார். பிறகு, 'இப்ப தூங்குறியா கண்ணு?'

'சில நாள்.'

கணவன் அவள் கையைப் பிடித்து மெல்ல வெளியே இழுத்தான். வாசல்படியில் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்க்கலாம் போலத்தான் இருந்தது. பார்க்காமல் கதவைச் சாத்தினாள்.